கானாவூர்ச் சாடியும் குவாட்டர் பாட்டிலும்: வாசகர் கேள்விகள்

‘கிறிஸ்தவர் குடிக்கலாமா?’ என்ற கேள்வி தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து பல வடிவங்களில் வந்திருக்கிறது. சபை நடத்தும் போதகர் ஒருவர், திருச்சபை வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர், குடிநோய் பார்க்கும் மனநல மருத்துவர் ஒருவர் என மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தருகிறோம்.

கானாவூர்க் கல்யாணத்தில் இயேசுவே திராட்சரசம் கொடுத்தார். பவுலும் தீமோத்தேயுவுக்குக் கொஞ்சம் குடிக்கச் சொன்னார். அளவாகக் குடித்தால் என்ன தப்பு? அது வெறும் பழச்சாறு என்கிறார் எங்கள் பாஸ்டர். உண்மையா?
*வாசகர், ஊத்தங்கரை*

பழச்சாறு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அது பழச்சாறு இல்லை. இஸ்ரவேல் நாட்டில் திராட்சை அறுப்பு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். கடைசி இராப்போஜனம் நடந்த பஸ்கா பண்டிகை வருவது மார்ச், ஏப்ரலில். நடுவே ஆறேழு மாதம் இருக்கிறது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பிழிந்த சாறு இரண்டு மூன்று நாளிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் காரணம். ஆகவே கடைசி இராப்போஜனத்தில் பாத்திரத்தில் இருந்தது புளித்த ரசமே. கொரிந்து சபையில் திருவிருந்துக்கு வந்த ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான் என்று பவுல் கடிந்துகொள்கிறார் (1 கொரிந்தியர் 11:21). பழச்சாற்றில் யாருக்கும் வெறி ஏறாது. உங்கள் பாஸ்டரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் பலவீனமான ஆதாரத்தின் மேல் நிற்கிற நல்ல முடிவு, பிள்ளைகள் காலேஜுக்குப் போய் நாலு புத்தகம் புரட்டியதும் சரிந்துவிடும். பிறகு அவர்கள் முடிவையும் சேர்த்தே தூக்கி எறிவார்கள்.

வேதம் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் பேசுகிறது. மனுஷன் இருதயத்தை மகிழ்ச்சியாக்கும் திராட்சரசத்தைத் தேவன் தந்த நன்மைகளோடு சேர்த்துச் சொல்கிறது சங்கீதம் 104. கானாவூரில் இயேசு தண்ணீரை ரசமாக்கியது ஆறு கற்சாடிகளில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறார் யோவான். இன்றைய கணக்கில் சாடிக்கு 80 முதல் 120 லிட்டர், ஆறுக்கும் சேர்த்து 480 முதல் 720 லிட்டர். இது ஒரு பக்கம். மறுபக்கம் நோவா குடித்துக் கூடாரத்தில் வஸ்திரம் விலகிக் கிடந்த கதை இருக்கிறது. ‘திராட்சரசம் பரியாசஞ்செய்யும், மதுபானம் அமளிபண்ணும்’ என்ற நீதிமொழிகள் 20:1 இருக்கிறது. ‘துன்மார்க்கத்திற்கு ஏதுவான மதுபான வெறிகொள்ளாமல்’ என்று எபேசியர் 5:18 கட்டளையாகவே சொல்கிறது. குடிவெறியர் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று 1 கொரிந்தியர் 6:10 முடித்துவிடுகிறது. ஆசாரியர் ஆலயத்துக்குள் நுழையும்போதும், நசரேய விரதம் எடுத்தவர்கள் விரதகாலம் முழுவதும் தொடக்கூடாது. ரேகாபியர் என்ற குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தொடாமலிருந்தார்கள். அவர்களைக் காட்டித்தான் எரேமியா 35-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் யூதாவுக்குப் புத்தி சொல்கிறார்.

தீமோத்தேயு வசனத்தையும் முழுசாகப் படியுங்கள். ‘நீ இனிமேல் தண்ணீர்மாத்திரம் குடியாமல்’ என்று தொடங்குகிறது. அதுவரை அந்த இளைஞர் தண்ணீர் மட்டுமே குடித்துவந்தார் என்றுதானே அர்த்தம்? வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்குமாக, ‘கொஞ்சம்’ கூட்டிக்கொள் என்கிறார் பவுல். இதைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் கடைக்குப் போக முடியாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். அன்றைய ரசத்தில் 14, 15 சதவீதத்துக்கு மேல் சாராயம் (ஆல்கஹால்) ஏறவே ஏறாது. அந்த அளவு வந்ததும் ஈஸ்ட் தானே செத்துவிடும். அதையும் தண்ணீர் கலந்து குடிப்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். கத்தோலிக்கர் வேதாகமத்திலுள்ள 2 மக்கபேயர் நூலின் கடைசி வரிகளிலேயே இது வருகிறது. மூன்றில் ஒரு பங்கு ரசம் என்று வைத்தால் 5 சதவீதம்கூடத் தேறாது. காய்ச்சி வடித்த பிராந்தி, விஸ்கி எதுவும் வேதகாலத்தில் கிடையாது. இங்கே விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம். 180 மில்லி குவாட்டரில் சுமார் 61 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அதே அளவு உள்ளே போக அந்தத் தண்ணீர் கலந்த ரசம் ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். பெயர்தான் இரண்டுக்கும் மது. கானாவூரை வைத்துக் குவாட்டருக்கு நியாயம் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் முடிவு இது. ஒரு வாய் குடிப்பதே பாவம் என்று வேதத்தின் பெயரால் சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை. வெறி பாவம், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் நம் ஊர்களில் வாழும் ஒரு கிறிஸ்தவர் தொடாமலிருப்பதே சரி என்பதில் எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து. ‘மாம்சம் புசிக்கிறதும், மதுபானம் பண்ணுகிறதும்’ சகோதரன் இடறுவதற்கு ஏதுவானால் அதைச் செய்யாதிருப்பதே நன்மை என்கிறது ரோமர் 14:21. உங்கள் சபையில் எத்தனை வீட்டில் குடியால் தாலிக்கொடி அடகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்த வசனம் யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும். மருத்துவமும் இதோடு ஒத்துப்போகிறது. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே பட்டியலிட்டுவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023 ஜனவரியில் அறிவித்தது. யார் அளவோடு நிற்பார், யார் நிற்கமாட்டார் என்பதை முதல் கிளாஸில் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

வேதம் ஒன்றுதான். ஆனால் எங்கள் ஊர்க் கத்தோலிக்கச் சாமியார் பூசையில் ஒயின் வைக்கிறார், என் தங்கை போகும் பெந்தெகொஸ்தே சபையில் அதைப் பாவம் என்கிறார்கள். ஏன் இத்தனை வித்தியாசம்?
*வாசகி, பர்கூர்*

வித்தியாசம் பெரும்பாலும் வரலாற்றால் வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 924, திருப்பலிக்கான ரசம் திராட்சைப் பழத்திலிருந்து இயற்கையாகக் கிடைத்ததாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதில் துளி தண்ணீர் கலப்பார்கள். ரசம் ஆயர் இல்லத்தின் வழியாக முறைப்படி வாங்கிப் பங்குகளுக்கு வரும். இதற்கென்று தமிழ்நாட்டில் தனி விதியும் உரிமமும் உண்டு. வெளியே குடிப்பதைப் பொறுத்தவரை, கத்தோலிக்க மறைக்கல்வி மிதமிஞ்சுவதைக் கண்டிக்கிறது. போதையில் வண்டி ஓட்டி அடுத்தவர் உயிரை ஆபத்தில் வைப்பது பெருங்குற்றம் என்று பத்தி 2290 சொல்கிறது. ‘கத்தோலிக்கருக்குக் குடிக்க அனுமதி’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். 1898-இல் டப்ளினில் ஜேம்ஸ் கலன் என்ற இயேசுசபைக் குரு தொடங்கிய பயனியர் சங்கத்தார் ஆயுள் முழுக்க மதுவைத் தொடுவதில்லை என்று வாக்கெடுத்தவர்கள்.

லூத்தரன் மரபும் திருவிருந்தில் புளித்த ரசத்தையே பிடித்துக்கொண்டது. அமெரிக்காவின் மிசூரி சினாடு என்ற லூத்தரன் சபையின் மிஷனரிகள் 1895-இல் தங்கள் இந்திய ஊழியத்தின் முதல் நிலையத்தை அமைத்ததே கிருஷ்ணகிரியில்தான். ஆகவே இந்த வழக்கம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை.

மாற்றம் மெதடிஸ்டுகளால் வந்தது. ஜான் வெஸ்லி 1743-இல் எழுதிய பொது விதிகளில், குடிவெறியும், காய்ச்சி வடித்த சாராயத்தை வாங்குவதும் விற்பதும் குடிப்பதும் விலக்கப்பட்டன, மிகுந்த அவசியம் நேர்ந்தால் தவிர. அடுத்த நூற்றாண்டில் அந்த வேகம் பீர், ஒயின் வரை போனது. போனபோது திருவிருந்துக் கிண்ணம் இடித்தது. குடிக்காதே என்று பிரசங்கித்துவிட்டு மேசையில் ஒயின் வைப்பதா? 1869-இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்டுப் பல் மருத்துவர், லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்த சூடாக்கும் முறையைத் திராட்சைச் சாற்றில் செய்துபார்த்து, புளிக்காமல் நிற்கும் சாற்றைப் பாட்டிலில் அடைத்தார். பழச்சாற்றுத் திருவிருந்து உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். பெந்தெகொஸ்தே சபைகள் 1900-களின் தொடக்கத்தில் அந்தச் சூழலில் பிறந்தவை, எனவே முழு விலக்கம் அவற்றின் இரத்தத்திலேயே ஊறியது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளும் இரட்சணிய சேனையாரும் தொடுவதேயில்லை. சேனையார் திருவிருந்துச் சடங்கே நடத்துவதில்லை.

மதுவிலக்கு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலாகக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரி, கிருஷ்ணகிரி, அவர் பிறந்த தொரப்பள்ளி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. தங்கையோடு சண்டை வேண்டாம். இரண்டு பேருடைய சபையும் குடிவெறியைப் பாவம் என்றே சொல்கிறது.

எங்கள் சபையில் திருவிருந்துக்குத் திராட்சைச் சாறு நாங்களே தயாரிக்கிறோம். சில மாதம் பாட்டிலைத் திறந்தால் புஸ்ஸென்று நுரைக்கிறது, புளிக்கிறது. 150 பேருக்கு எவ்வளவு வேண்டும், எப்படிச் செய்வது?
*சபைச் செயலர், கிருஷ்ணகிரி*

நுரைத்தால் அது ஒயினாக மாறத் தொடங்கிவிட்டது. பழச்சாறு என்று சொல்லிக் குழந்தைகளுக்கும் குடியை விட்டவர்களுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. பச்சையாகப் பிழிந்து வைத்திருப்பீர்கள், அல்லது போன மாத மிச்சத்தைப் புதுச் சாற்றோடு கலந்திருப்பீர்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

தனித்தனிச் சிறு கிண்ணம் என்றால் ஆளுக்கு 7 மில்லி போதும். 150 பேருக்கு ஒரு லிட்டர் சொச்சம், சிந்துவதையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விதையுள்ள கறுப்புத் திராட்சை 2 கிலோ வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி மார்க்கெட்டுகளில் பெங்களூர் நீலத் திராட்சை கிடைக்கும். அது சாற்றுக்கென்றே ஆன பழம், நிறமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். கம்பம் பன்னீர் திராட்சையும் நன்றாக வரும். பச்சைத் திராட்சையில் நிறமே வராது.

சனிக்கிழமை சாயங்காலம் செய்யுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். பழத்தைக் காம்பிலிருந்து உதிர்த்து, வெடித்ததையும் பூஞ்சை பிடித்ததையும் எடுத்துப்போட்டு, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு மத்தால் நசுக்குங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடாது, பழத்தின் புளிப்பு உலோகத்தைக் கரைத்துச் சாற்றில் ஒரு கசப்பை இறக்கிவிடும். மிக்ஸியில் அடிக்கவும் கூடாது, விதை உடைந்தால் துவர்ப்பு ஏறும்.

பிறகு சிறு தீயில் வையுங்கள். ஓரங்களில் பொடிக்குமிழி கட்டி, ஆவி எழும்பி, விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் (80 முதல் 85 டிகிரி) அந்தச் சூட்டிலேயே பத்து நிமிடம் நிறுத்துங்கள். ஈஸ்ட் சாவதும் தோலின் நிறம் சாற்றில் இறங்குவதும் இந்தப் பத்து நிமிடத்தில்தான். தளதளவென்று கொதிக்கவிட்டால் ஜாம் வாசனை வந்து நிறம் பழுப்பாகிவிடும். இறக்கி, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். தானாக வடியட்டும். முறுக்கிப் பிழிந்தால் கசடு இறங்கிக் கிண்ணத்தின் அடியில் சேறுபோல நிற்கும். புளிப்பு அதிகமென்றால் லிட்டருக்கு 50 கிராம் சர்க்கரை, அதற்கு மேல் வேண்டாம்.

கண்ணாடிப் பாட்டிலைப் பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்து, பாட்டிலும் சாறும் சூடாக இருக்கும்போதே ஊற்றி மூடுங்கள். ஆறியபின் ஃப்ரிட்ஜ். ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். மிச்சமிருந்தால் உங்கள் சபை ஒழுங்குப்படி அன்றே முடித்துவிடுவது நல்லது, அடுத்த மாதத்துக்கு வைக்காதீர்கள். ஞாயிறு காலை ஊற்றுவதற்கு முன் ஒருவர் மோந்தும் சுவைத்தும் பார்க்கட்டும். மூடி புஸ்ஸென்றாலோ, ஓரத்தில் குமிழி கட்டியிருந்தாலோ அதைக் கீழே கொட்டிவிட்டு வேறு ஏற்பாடு செய்யுங்கள். கடை ஸ்குவாஷ் வேண்டாம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள், பழச்சாறு கொஞ்சமும் சர்க்கரைப்பாகு மிச்சமுமாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

என் வீட்டுக்காரர் இருபது வருஷமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுக்கத்துக்கே ஒரு கட்டிங் வேண்டும். கன்வென்ஷனில் ஜெபம் பண்ணி இனி தொடமாட்டேன் என்று சாட்சி சொன்னார். இரண்டாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். பிசாசு போராடுகிறது, உபவாசம் போட வேண்டும் என்றார்கள். பயந்துபோய் நானே பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். நான் செய்தது பாவமா? சாப்பாட்டில் பொடி கலந்து கொடுத்தால் குடி நின்றுவிடும் என்கிறார்களே, கொடுக்கலாமா?
*வாசகி, பென்னாகரம்*

சகோதரி, நீங்கள் பாவம் செய்யவில்லை. அந்த ராத்திரியில் அவர் உயிர் ஆபத்தில் இருந்தது. அது பிசாசின் வேலையல்ல, குடியைத் திடீரென்று நிறுத்தியதால் மூளைக்கு வந்த நோய். வருஷக்கணக்காக மது மூளையை அமுக்கிக்கொண்டே இருக்க, அதை ஈடுகட்ட மூளையும் முறுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. பாரம் இழுக்கும் மாட்டின் கயிறு சட்டென்று அறுந்தால் மாடு முன்னால் பாய்ந்து விழுமே, மது நின்றதும் மூளைக்கு அப்படித்தான் ஆகிறது.

கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை இல்லாத பூச்சியும் ஆளும் தெரிவது, இடம் நேரம் மறப்பது, காய்ச்சல், படபடப்பு. இந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆள் இறந்துபோகலாம். சோறு தண்ணீர் இல்லாமல் உபவாசம் போடவைப்பது இதை இன்னும் மோசமாக்கும். ஜெபத்தால் ஒரே நாளில் விட்டவர்கள் இருக்கிறார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வெறும் சாட்சியோடு வீட்டுக்கு அனுப்பும் ஊழியர், தெரியாமலேயே அவரைச் சாவுக்கு அனுப்புகிறார். காயம்பட்டவனை நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்துக் கட்டி, சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கட்டினான். ஜெபிக்கிற கையே ஆட்டோவையும் பிடித்துக் கொடுக்கட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அவர் மறுபடியும் விட ஒத்துக்கொள்ளும் நாளில் வீட்டில் நிறுத்தச் சொல்லாதீர்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஓசூர்ப் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. தினம் எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஏழெட்டு நாள் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். பக்கத்து கிளினிக்கில் ‘சோர்வாக இருக்கிறார், குளுக்கோஸ் ஏற்றுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். குடிப்பவர்கள் உடம்பில் பி1 வைட்டமின், அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பொடி வேண்டவே வேண்டாம். அந்த மாதிரிப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது. டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயம் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சோதித்த பிறகு மட்டுமே அந்த மருந்தைத் தர வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகுதான் நெடும்பயணம். குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் எழுதித் தருவார்கள். அதை விழுங்குவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. என்னும் குடிநோயாளர் கூட்டமைப்பின் கூட்டங்களுக்குப் போகச் சொல்லுங்கள். மனைவிமார், பிள்ளைகளுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. மறுபடி ஒரு நாள் சறுக்கினால் எல்லாம் போயிற்று என்று எண்ண வேண்டாம், அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவச எண்கள். அவர் அடிப்பவராக இருந்தால் உங்களுக்கு 181. அடியைப் பொறுத்துக்கொள்வது எந்தச் சபையின் உபதேசமும் அல்ல.

குடியை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். திருவிருந்தில் பாத்திரத்தில் ஒயின். ஒரு துளிதானே, வாங்கலாமா?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

வாங்காதீர்கள். அந்த மாத்திரைக்கு ஒரு வாய் ரசம் போதும், உடம்பு படபடக்கும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை நிற்காது. மாத்திரை இல்லாதவர்களுக்குக்கூட நாக்கில் பட்ட அந்தச் சுவை பழைய ஆசையைக் கிளப்பிவிடலாம்.

நீங்கள் கத்தோலிக்கரானால் அப்பத்தை மட்டும் வாங்கினாலே முழு நற்கருணை. அப்பத்தை ரசத்தில் தோய்த்துத் தரும் நாளில் தோய்க்காததைக் கேளுங்கள். குடிநோயிலிருந்து மீண்ட குருக்களுக்கும் வழி உண்டு. நொதிக்காதபடி உறையவைத்துக் காத்த திராட்சைச் சாற்றில் பலி நிறைவேற்ற ஆயர் அனுமதி தரலாம். சீர்திருத்த சபையானால் போதகரிடம் முன்னாடியே சொல்லுங்கள், தட்டின் ஒரு ஓரத்தில் சாறு ஊற்றிய கிண்ணங்களை வைக்கச் செய்யலாம். போதகர்களுக்கு ஒரு வார்த்தை: இதை அறிவிப்பில் ‘குடிகாரர்களுக்கு’ என்று சொல்லித் தொலைக்காதீர்கள். ‘சாறு வேண்டுவோர் வலது ஓரக் கிண்ணங்களை எடுக்கவும்’ என்றால் போதும்.

ஓசூரில் கம்பெனி வேலை. டீம் பார்ட்டியில் குடிக்காவிட்டால் ஒதுக்குகிறார்கள்.
*வாசகர், ஓசூர்*

கையில் எலுமிச்சைச் சோடாவை வைத்துக்கொள்ளுங்கள், வெறும் கையோடு நிற்பவரைத்தான் வற்புறுத்துவார்கள். ‘நான் எடுப்பதில்லை’ என்று ஒரு முறை சொன்னால் போதும், விளக்கம் கொடுக்கக் கொடுக்க வாக்குவாதம் வளரும். சாப்பாடு முடிந்ததும் கிளம்புங்கள். முடிந்தால் வண்டி ஓட்டும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வழக்கு, முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்களை ஒதுக்கியவரே அன்று ராத்திரி உங்களைத் தேடுவார்.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் குழி வெட்டுகிறவர்களுக்கும் மேளம் அடிக்கிறவர்களுக்கும் சரக்கு வாங்கிக் கொடுத்தாக வேண்டும். நாங்கள் குடிப்பதில்லை. வாங்கிக் கொடுக்கலாமா? கொடுக்காவிட்டால் வேலை நடக்காது என்கிறார்கள்.
*வாசகர், பாலக்கோடு*

கொடுக்கக்கூடாது. தோழனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு ஐயோ என்கிறது ஆபகூக் 2:15. குடிப்பவனைச் சொல்லும் வசனங்கள் ஏராளம், ஊற்றிக் கொடுப்பவனை நேராகக் குறிவைக்கும் வசனம் இது.

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. வெயிலில் ஆறடி மண் வெட்டுகிறவர் உழைப்புக்குக் கூலியைக் குறைத்துக்கொண்டு பாட்டிலால் ஈடுகட்டுவது, அவரை மனிதராக மதிக்காத பழக்கம். ‘அவங்க குடிக்காம வேலை செய்யமாட்டாங்க’ என்று நாமே சொல்லி நாமே பழக்கிவைத்தது. சாராயச் செலவை அப்படியே கூலியில் கூட்டிவிடுங்கள். சாவு விழுந்த அன்று பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், வேலை தெரிந்தவர்களிடம் சபைக் கமிட்டியும் ஊர்ப் பெரியவர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து தொகை பேசிவைக்க வேண்டும். அன்று குழிக்குப் பக்கத்திலேயே டீ, இட்லி, குடிக்கத் தண்ணீர், மோர் கொண்டுபோய்க் கொடுங்கள். வேலை முடிந்ததும் பணத்தை அங்கேயே கையில் கொடுங்கள், நாளைக்கு வா என்று அலையவிடாதீர்கள். கூலி சரியாக, உடனே கிடைத்தால் பாட்டிலைக் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள். கேட்கிற ஒருவர் தன் காசில் வாங்கிக் குடிப்பாரே என்றால், அது அவர் முடிவு. துக்க வீட்டுக் கணக்கில் அது ஏற வேண்டாம்.

கிறிஸ்மஸுக்கு வீட்டில் பரணியில் திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட் போட்டு 21 நாள் வைத்து ஒயின் செய்கிறோம். குழந்தைகளுக்கும் கொடுப்போம். இது வீட்டுப் பலகாரம் மாதிரிதானே?
*வாசகி, மத்திகிரி*

இல்லை. லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீதம் சாராயம். பழத்தின் சர்க்கரையோடு நீங்கள் கொட்டும் சர்க்கரையும் சேர்ந்து சுலபமாக 10 சதவீதத்தைத் தாண்டும். கடை பீரைவிட அதிகம் அது. இனிப்பு மறைத்துவிடுவதால் தெரிவதில்லை. குழந்தைக்கு ஒரு சின்ன டம்ளர்கூடக் கொடுக்கக்கூடாது, ரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கி மயக்கம் வரலாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், பண்டிகைக்கு என்பதால் விலக்கு கிடையாது. நொதி முடியுமுன் இறுக்கி மூடிய பாட்டில் வாயு அடைத்து வெடித்துக் கண்ணாடி தெறிப்பதும் உண்டு. மேலே சொன்ன முறையில் சாறு காய்ச்சும்போது லிட்டருக்கு நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, தட்டிய இஞ்சி கொஞ்சம் போடுங்கள். கேக்கோடு அது நன்றாகவே ஒத்துப்போகும்.

டாஸ்மாக்கில் விற்பனையாளராக இருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் கேட்கிறார். வேலையை விட்டால்தான் என்று சொல்லலாமா?
*போதகர், அரூர்*

யோவான்ஸ்நானனிடம் ஆயக்காரர், அதாவது வரி வசூலிப்பவர்கள், ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். அதுவும் ஊர் வெறுத்த வேலைதான். விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார் (லூக்கா 3:12, 13). வெஸ்லியின் விதியோ விற்பவரையும் சேர்த்தே விலக்கியது. எங்களுக்குள்ளேயே இதில் முழு உடன்பாடு இல்லை. பெரும்பான்மைக் கருத்து: ஞானஸ்நானத்தைத் தடுக்காதீர்கள். 2003-இல் சில்லறை விற்பனையை அரசு எடுத்தபோதும் அதற்குப் பிறகும் வேறு வேலை கிடைக்காமல் உள்ளே போன பட்டதாரிகள் நிறைய. விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்காதே, 21 வயதுக்குக் கீழ் உள்ளவனுக்கு விற்காதே, வேறு வேலை தேடிக்கொண்டே இரு என்று மூன்று சொல்லுங்கள். மூன்றாவதற்குச் சபையில் யாரால் உதவ முடியும் என்று பாருங்கள். அந்த ஏற்பாடு எதுவும் செய்யாமல் ‘வேலையை விடு’ என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. மூப்பர் பொறுப்பு வேறு விஷயம், அது வேலை மாறிய பிறகு இருக்கட்டும்.

இருமல் மருந்திலும், ரம் ஊற்றிய பிளம் கேக்கிலும் சாராயம் இருக்கிறதே, அதுவும் பாவமா?
*வாசகர், தேன்கனிக்கோட்டை*

டாக்டர் சொன்ன அளவில் மருந்து மருந்துதான். கேக் விஷயத்தில், ரம்மில் பழத்தை ஊறவைத்துச் சுட்டாலும் சாராயம் முழுவதும் ஆவியாகிப் போய்விடாது, சுட்ட பிறகு மேலே ஊற்றினால் அப்படியே நிற்கும். குடியை விட்டவர், கர்ப்பிணி, குழந்தை, டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் யாரும் அதைத் தொட வேண்டாம். பழத்தை ஆரஞ்சுச் சாற்றில் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் ஊறவைத்துச் செய்யலாம். இனாமாக வரும் கேக் பெட்டியை வெட்டுமுன் லேபிளைப் படியுங்கள், வீட்டில் செய்ததானால் கொடுத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.